நடுப்பாகம் கேம்பல் பேயில் இருந்தது

“…அதெல்லாம் நல்லாத்தான் பேசுனீய தலைவரே. நடுப்பாகத்தை மட்டும் எங்க வச்சுப் படிச்சீய?”

அக்கா இதைக் கேட்டபோது குரலை உயர்த்தவே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்குகிற பிறவி அது. மேடையில் சால்வையோடு நின்ற தலைவர் கையிலிருந்த மைக்கை ஒரு தடவை தட்டிப் பார்த்தார், கோளாறு அதில்தான் என்பதுபோல. மைக் நன்றாகத்தான் இருந்தது. அன்று காலை அதைப் பிரித்து ஒயரைப் பற்றவைத்துக் கொடுத்தவனே நான்தான்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அக்கா செய்த காரியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அக்காவைத் தெரியாதவர்களுக்கு அதைச் சொன்னால், ‘யாரோ ஒரு பொம்பளை சபையில் சண்டை போட்டாளாம்’ என்று போய்விடுவார்கள். அதனால் முதலில் அக்கா.

எழுத வைத்தது என் கைபேசி. வாசகர் குழு என்று ஒன்றில் என்னையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் யாராவது ஒரு அட்டைப் படத்தைப் போடுகிறார்கள். ‘வாழ்நாளில் ஒருமுறையேனும் வாசிக்க வேண்டிய நூல்.’ கீழே கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுகின்றன. ‘படிச்சாச்சா சார்?’ என்று கேட்டால், ‘வாங்கணும், லிஸ்டில் இருக்கு’ என்கிறார். காலையில் ஒருத்தர் போட்டதைச் சாயங்காலம் இன்னொருத்தர் தன்னுடைய பரிந்துரையாகப் போடுகிறார். இதில் ‘உலக வாசிப்பு’ பற்றி ஒரு உபதேசம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படி வரும்போதெல்லாம் காதுக்குள் அக்கா கேட்கிறார்: “கொண்டாந்தீயளா?”

கொண்டாந்தீயளா. அந்த ஒரு சொல்தான் எங்கள் வாசகர் வட்டத்தின் சட்டம், ஒழுங்கு, நீதிமன்றம் எல்லாம்.

அந்தமானில், போர்ட் பிளேர் ஷாதிபூரில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவோம். நான் மிக்சி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் பார்ப்பவன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். சாமான் சுற்றிவந்த காகிதத்தைப் படித்துப் படித்து வாசகனானவன். அங்கே தையல்காரர், பள்ளி வாத்தியார், மீன்பிடி போட்டுக்காரர், ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வருவார்கள். அக்கா ஹேடோவில் துறைமுக வேலைகளுக்குச் சாமான் கொடுக்கிற ஒரு ஆபீஸில் ஸ்டோர் கீப்பர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். காலைப் பூசையை முடித்துவிட்டு, வீட்டில் சோறாக்கி வைத்துவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் ரெக்சின் பையுமாக மாடி ஏறுவார். ஏறும்போதே கீழ்ப்படியிலிருந்து பேச்சு வந்துவிடும். ஆள் பின்னால் வருவார்.

அறை நடுவில் ஒரு பெஞ்சு. யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்தப் புத்தகத்தைப் பெஞ்சில் வைக்க வேண்டும். வைத்தால், பேசி முடித்ததும் அது யாராவது ஒருத்தர் பையில் ஏறிப் போய்விடும். வைக்கவில்லை என்றால் பேசக் கூடாது. அவ்வளவுதான்.

மெயின்லேண்டிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பேங்க் அதிகாரி இது தெரியாமல் முதல் கூட்டத்திலேயே எழுந்தார். சென்னையில் தான் படித்த ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றி உருகி உருகிப் பேசினார். நன்றாகவே பேசினார். எங்களுக்கெல்லாம் அந்தப் புத்தகம் அப்போதே வேண்டும்போல இருந்தது.

“கொண்டாந்தீயளா?” என்றார் அக்கா.

“இல்லைங்க, ஊர்ல வீட்ல இருக்கு.”

“அப்ப என்னத்துக்கு எங்க நாக்குல எச்சி ஊற வைக்கிறீய?”

“ஒரு அறிமுகம்தானேங்க. வேணுங்கறவங்க வாங்கிப் படிக்கலாம்.”

“எங்க வாங்க? கீழ டயர் கடையிலயா?” அக்கா குரல் இறங்கிவிட்டது. “சார், இங்க தமிழ்ப் புத்தகம்னா ஜஹாஜ்ல வரணும், இல்ல பிளேன்ல யாரு மடியிலயாவது உக்காந்து வரணும். நோன்பு இருக்கிறவன் முன்னால வந்து பிரியாணி எப்படி இருந்துச்சுன்னு சொல்லுதீய. இது அறிமுகமா, அக்கிரமமா?”

அந்த மனிதர் முகம் சுண்டிப் போய் உட்கார்ந்துவிட்டார். இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பியவர் ஏர்போர்ட்டிலிருந்து நேரே அறைக்கு வந்து, பெட்டியைத் திறந்து, துணிமணிக்கு அடியிலிருந்து அந்தத் தொகுப்பை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். அக்கா அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். “இப்பச் சொல்லுங்க சார், விடிய விடியக் கேக்கேன்” என்றார்.

ஸ்டோர் கீப்பர் புத்தி என்று கேலி செய்வோம். அக்காவுக்கு அது கேலியாகவே படாது. “ரேக்குல இருக்கிற வரைக்கும் அது சாமான் இல்ல, மிக்சித் தம்பி. வெறும் பாரம். ஒருத்தன் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போயி முடுக்குனாதான் அது போல்ட்டு” என்பார். என்னை மிக்சித் தம்பி என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார். பெயர் தெரியாமல் இல்லை. தொழிலைச் சொன்னால்தான் ஆள் ஞாபகத்தில் நிற்கிறான் என்பார்.

‘சூப்பர்’, ‘அருமை’ என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர்கள் மேல் அக்காவுக்கு ஆகவே ஆகாது. “தின்னுட்டு ஏப்பம் விட்டா போதுமா?” என்பார். அவரிடம் ஒரே கேள்விதான் உண்டு. “எந்த இடத்துல மூடி வச்சீய?” நிஜமாகப் படித்தவனுக்கு அப்படி ஒரு இடம் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. மேற்கொண்டு போக முடியாமல் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்கிற இடம். ஒரு தடவை எங்கள் தையல்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “மாமியார்க்காரி மருமகளுக்குன்னு மீன் தலையை ஒளிச்சு வப்பா பாருங்க. அங்க மூடிட்டு ரோட்டுல போயி நின்னுட்டேன்.” அக்கா பையிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அதுதான் பாராட்டு.

இப்போது பிளேடு விஷயத்துக்கு வருகிறேன். அக்கா புத்தகத்தை வெட்டுவார்.

முதல் தடவை நான் பார்த்தது இப்படி. ஒரு தடித்த நாவல். ஊரிலிருந்து அவர் தங்கை அனுப்பியது. இருந்தது ஒரே பிரதி, காத்திருந்தது ஒரு கும்பல். அக்கா புத்தகத்தைப் பெஞ்சில் மல்லாத்திப் போட்டு, எங்கே அத்தியாயம் முடிகிறது என்று பார்த்து, முதுகுப் பக்கம் ஸ்கேலை வைத்துப் பிளேடை இழுத்தார். கோழி அறுக்கிறவர் முகம்கூடக் கொஞ்சம் மாறும். அக்கா முகம் மாறவில்லை. மூன்று துண்டு. ஒவ்வொன்றையும் வலை தைக்கிற நைலான் நூலால் குத்தித் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, ‘1’, ‘2’, ‘3’ என்று மார்க்கரால் எழுதினார்.

“அக்கா, புத்தகத்தைப் போயி…” என்றேன்.

“முழுசா ஒருத்தன் கையில மாசக்கணக்குல கிடக்கும். மத்தவனெல்லாம் அவன் வாயைப் பாத்துட்டு நிக்கணும். இப்பப் பாரு, ஒரே நேரத்துல மூணு வீட்டுல அடுப்பு எரியுது.”

ஒன்று முடித்தவர் இரண்டுக்குக் காத்திருப்பார். இரண்டு முடித்தவர் மூன்றை வைத்திருப்பவரைத் துரத்துவார். “எம்மா, சீக்கிரம் முடிங்கம்மா, கதையில அவன் கிணத்தடியில நிக்கான், நான் இங்க தவிச்சுட்டு இருக்கேன்” என்று என் கடைக்கே வந்து என் மனைவியிடம் கெஞ்சிய வாத்தியாரை எனக்குத் தெரியும். முழுப் புத்தகம் ஒருநாளும் எங்களை இப்படி ஒருத்தர் வீட்டு வாசலில் ஒருத்தரை நிறுத்தியதில்லை.

துண்டுகளில் ஒன்று எப்போதும் கேம்பல் பேக்குப் போகும். நிக்கோபாரின் தென்கோடி, கப்பலில் தீவு தீவாக நின்று இரண்டு மூன்று நாள் ஆகிற தூரம். அங்கே பழைய பட்டாளத்துக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண் இருந்தார். வேலூர்ப் பக்கம். ஏதோ சிகிச்சைக்காகப் போர்ட் பிளேர் வந்தவர், எங்கள் அறையைக் கண்டுபிடித்து ஏறி வந்து, பெஞ்சைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். “எங்கூட்ல தமிழ்ல இருக்கறது கேஸ் சிலிண்டர் புக்கும் காலண்டரும்தாங்க்கா. காலண்டர்ல பின்பக்கம்கூடப் படிச்சிட்டேன்” என்றார். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு கேம்பல் பே போகிற கப்பல் ஒன்று ஹேடோவில் நிற்கிறதென்றால், பிளாஸ்டிக்கில் சுற்றிக் கயிறு கட்டிய ஒரு சின்னப் பொட்டலம் யாராவது ஒரு பிரயாணி கையில் ஏறாமல் போகாது. நர்ஸ், போலீஸ்காரர், மாற்றலாகிப் போகிற குமாஸ்தா, யாராக இருந்தாலும் சரி. “பாய் சாப், ஏக் சோட்டா காம் ஹை”, ஒரு சின்ன வேலை இருக்கு என்று அக்கா இந்தியில் ஆரம்பித்தால் மறுத்தவரை நான் பார்த்ததில்லை.

அந்தப் பெண்ணுக்கு எந்தத் துண்டு போகும் என்பது கப்பலைப் பொறுத்தது. “ஜஹாஜ்க்கு அத்தியாயம் தெரியாதுல்லா” என்பார் அக்கா. பல தடவை முதல் பாகம் போகாமல் இரண்டாம் பாகம் போய்விடும். அவர் அதை அப்படியே படித்துவிட்டு, ஜெட்டிப் பக்கம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று குரல் செய்தி அனுப்புவார். அக்கா அதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டுவார்.

“இன்னாக்கா, நல்லா இருக்கீங்களா? அந்தப் பெரியவரு வூட்ட வுட்டுப் போறாரே, முன்ன அவுரு தம்பிகூட எதுனா நெலத்தகராறு ஆயிருக்கும்னு நெனச்சிக்கினு படிச்சேன். அந்தத் தம்பி பொண்டாட்டி நல்லவதான், பாவம். அவளப் பத்தி மொத பாகத்துல நெறைய வந்திருக்கும் இல்ல?”

முதல் பாகத்தில் தம்பியும் இல்லை, தம்பி பெண்டாட்டியும் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, எழுதியவர் அப்படி எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். “நமக்கெல்லாம் ஒரு கதைதான். அவளுக்கு ரெண்டு.”

இப்படி லட்சணமாக நடந்துகொண்டிருந்த இடத்துக்குத் தலைவர் வந்தார்.

அதுவரைக்கும் எங்களுக்குத் தலைவரும் கிடையாது, செயலாளரும் கிடையாது. இவர் ஊரில் பெரிய காண்ட்ராக்டர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அறைக்கு ஃபேன் போட்டுக் கொடுத்தார், பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார், மைக் செட் வாங்கினார். இருபது பேர் உட்கார்ந்து பேசுகிற அறைக்கு மைக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பேனர் வந்தது. பேனரில் அவர் படம் பெரிதாக வந்தது. கடைசியில் கண்ணாடி அலமாரி வந்தது.

நல்ல தேக்கு அலமாரி. பித்தளைப் பூட்டு. உள்ளே அவரே காசு போட்டு வரவழைத்த புத்தகங்கள். ஒவ்வொன்றும் கடையில் சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளோடு அப்படியே. “தீவில் பூஞ்சை பிடித்துவிடும். உறையைப் பிரிக்காமல் வைத்தால் நூறாண்டு இருக்கும்” என்றார். நாங்கள் கண்ணாடி வழியே பார்த்தோம். ஜவுளிக்கடை பொம்மையைப் பார்ப்பதுபோல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போலப் பெஞ்சில் பிளேடோடு உட்கார்ந்திருந்தபோது தலைவர் பார்த்துவிட்டார்.

“அம்மா, நூல் என்பது கலைமகள். அதைக் கத்தியால் வெட்டுவது நம் மரபு அல்ல.”

“கலைமகளைப் பிளாஸ்டிக் கவர்ல கட்டி மூச்சு முட்ட வைக்கிறதுதான் மரபா தலைவரே?”

“அது பூஞ்சைக்காக.”

“பூஞ்சைக்குப் பயப்படுதீய, சரி. படிக்கிற ஆளுக்கு என்னத்துக்குப் பயப்படுதீய?”

அவர் கோபப்படவில்லை. கோபப்படாமலே காரியத்தை முடிக்கிற ஆள். அடுத்த கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். வட்டத்தின் புத்தகங்கள் எல்லாம் இனிமேல் அலமாரியில்தான் இருக்க வேண்டும். விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து அங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம். வெளியே எடுத்துப் போகக் கூடாது. வெட்டக் கூடவே கூடாது. ஆண்டு விழாவில், வரப்போகிற விருந்தினர் முன்னிலையில் இதை அறிவிப்பதாக இருந்தார்.

அக்கா கேட்டது ஒன்றுதான். “கேம்பல் பேக்காரி இந்த அலமாரிக்கு எப்படி வருவா? நீந்தியா?”

“போர்ட் பிளேருக்கு வராமலா இருப்பார்கள்? வரும்போது வந்து வாசிக்கட்டுமே.”

“வருவா. பல்லு வலிச்சா வருவா, பிரசவத்துக்கு வருவா. அப்ப டாக்டர் வீட்டு வாசல்ல டோக்கன் போட்டுட்டு இங்க ஓடிவந்து, நின்னுட்டே நாலு பக்கம் படிச்சுட்டு ஓடணும். அப்படித்தான?”

கை தூக்கச் சொன்னார்கள். இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. அக்கா தைத்துக் கொடுத்த துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்தவர்கள்தான் எல்லாரும். ஒருத்தருக்குத் தலைவரிடம் வேலை ஆக வேண்டியிருந்தது. ஒருத்தருக்குப் புது நாற்காலி சுகமாக இருந்தது. ஒருத்தருக்கு எதற்கு வம்பு. கைகள் தலைவர் பக்கம் உயர்ந்தன. மூன்றாம் பாகத்துக்காக என் மனைவியிடம் கெஞ்சினாரே அந்த வாத்தியார், அவர் கையும். தையல்காரரும் நானும் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தோம்.

படிக்கட்டில் இறங்கும்போது, “என்னக்கா, சும்மா வந்துட்டீங்க?” என்றேன்.

“மிக்சித் தம்பி, அவ கேட்டா நான் என்ன சொல்லட்டும்? உனக்குப் பொட்டலம் இனி வராது, ஆனா இங்க ஒரு அலமாரி பளபளன்னு இருக்குன்னு சொல்லட்டுமா?”

குரல் இறங்கி இறங்கி, எனக்குக் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த நாவல் வந்தது. பெயர் எதற்கு? மூன்று தலைமுறைக் கதை, தலையணை அளவு. அக்கா தனக்கு வந்த பிரதியை வெட்டித் தைத்துக்கொண்டிருந்தபோது, கேம்பல் பே கப்பல் அன்றைக்கே புறப்படுகிறது என்று செய்தி வந்தது. முதலில் தைத்து முடித்தது நடுப்பாகம். அதையே பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார். அவர் அதைப் படிக்கவில்லை. அவர் எப்போதும் கடைசி ஆளாகத்தான் படிப்பார். “ஸ்டோர் கீப்பர் முதல்ல எடுத்தா அது திருட்டு” என்பார்.

பிறகு காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. கப்பல்கள் ரத்து. நடுப்பாகம் கேம்பல் பேயில் மாட்டிக்கொண்டது. இங்கே ஒன்றும் மூன்றும் மட்டும் சுற்றின. தலைவர் முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் அக்காவிடமிருந்து ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். ஆண்டு விழாவில் அந்த நாவலைப் பரிந்துரைத்துத் தானே பேசப்போவதாகச் சொல்லியிருந்தார். வெட்டுவது மரபு அல்லதான், ஆனால் வெட்டியதை வாங்கிப் போக ஆள் அனுப்புவது மரபு.

கேம்பல் பேயிலிருந்து குரல் மட்டும் வந்தது. “அக்கா, நடுவுல மட்டும் படிச்சிட்டு உக்காந்துக்கினு இருக்கேன். முன்னாடி யாரு, பின்னாடி யாரு ஒண்ணும் தெரில. தூக்கமே வர்ல. இதுல இன்னா ஆச்சுன்னு உங்ககிட்ட சொல்லமாட்டேன், நீங்க படிக்கணும். ஆனா ஒண்ணு மட்டும், அந்த அம்மாவுக்காக மெழுகுவத்தி ஏத்திட்டேன்.”

ஆண்டு விழா வந்தது. அன்று பார்த்து வானம் வெளுத்திருந்தது. சாயங்காலம் ஹேடோவிலிருந்து கேம்பல் பே கப்பல் உண்டு என்றும் சொன்னார்கள். அறையில் பேனர், சால்வை, பாதாம் பால். மெயின்லேண்டிலிருந்து ஒரு விருந்தினர், தமிழ் அறிந்த ஓய்வுபெற்ற அதிகாரி. தலைவர் மைக்கைப் பிடித்தார். நாவலை ஆரம்பத்திலிருந்து சொன்னார். முதல் பாகம் சரி. எல்லாரும் படித்ததுதான். பிறகு நடுப்பாகத்துக்கு வந்தார்.

“நாவலின் மையப் பகுதியில், அந்தத் தாய் தன் மகனை மன்னிக்கும் கட்டம் இருக்கிறதே, அங்கே நான் விழிநீர் பெருக்கினேன். தமிழில் இப்படி ஒரு காட்சி இதுவரை எழுதப்படவில்லை என்று துணிந்து சொல்வேன்.”

கை தட்டினார்கள். விருந்தினர் தலையை ஆட்டினார். தலைவர் மூன்றாம் பாகத்துக்குப் போய், அதையும் முடித்து, “இத்தகைய செல்வங்களைப் பாதுகாக்கவே இனி நம் நூல்கள் அனைத்தும்…” என்று அலமாரியைக் கையால் காட்டினார்.

அப்போதுதான் அக்கா எழுந்து கேட்டார், நடுப்பாகத்தை எங்கே வைத்துப் படித்தீர்கள் என்று.

தலைவர் மைக்கைத் தட்டியதைச் சொன்னேன். தட்டிவிட்டுச் சிரித்தார்.

“அம்மா கேட்பது புரிகிறது. உங்கள் துண்டு எங்கோ மாட்டிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் சொல்கிறேன், வெட்டாதீர்கள் என்று. என்னிடம் எனக்கென்றே ஒரு முழுப் பிரதி இருக்கிறது. அதில் படித்தேன்.”

“சச் போலோ தலைவரே, நெசத்தச் சொல்லுங்க. உங்க பிரதியிலயா படிச்சீய?”

“ஆமாம் அம்மா. இதோ, அலமாரியிலேயே இருக்கிறதே.”

அறையே திரும்பிப் பார்த்தது. விருந்தினரும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் பார்த்தார். இரண்டாம் தட்டில், நடுவில், அந்தத் தலையணை நாவல் நின்றிருந்தது. டியூப் லைட் வெளிச்சம் அதன் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளில் பட்டுப் பளபளத்தது. கடையில் ஒட்டிய ஓரம்கூடப் பிரியவில்லை.

யாரோ இருமினார்கள். தையல்காரர் தனக்குத்தானே சொல்வதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கிறபடி, “கண்ணு நல்ல பவரு” என்றார். வாத்தியார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு உயர்த்திய அதே கையை.

தலைவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் இரக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாய்க்கு நடுப்பாகத்தில் என்ன ஆனது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவள் மன்னித்தாளோ, செத்தாளோ, மகன் முகத்தில் காறித் துப்பினாளோ. தெரிந்த ஒரே ஆள் கடலுக்கு அந்தப் பக்கம், அவளுக்காக மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சொன்னால் எங்களுக்குச் சுவை போய்விடுமே என்று வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இனிப் புத்தகம் கிடையாது என்று சொல்லப் போனவர் இவர். படிக்காத இடத்தில் அழுதவர்.

இப்போது அக்கா இங்கே இல்லை. ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு மெயின்லேண்ட் போய்விட்டார். அலமாரி இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. மைக் செட்டையும் ஒயர் சுருளையும் அதற்குள் வைத்திருக்கிறார்கள். பூட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் புத்தகங்கள் இருக்கின்றன. கைபேசிக் குழுவில் யாராவது அட்டைப் படம் போட்டால், நான் ஒரே ஒரு சொல்லைப் பதிலாக எழுதுகிறேன். குழுவில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

அன்றைக்கு அக்கா செய்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அவர் மேடைப் பக்கம் நடந்து போனார். திட்டவில்லை. கையை நீட்டி, “சாவி” என்றார். தலைவர் விருந்தினரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அக்கா அலமாரியைத் திறந்து நாவலை எடுத்து வந்து பெஞ்சில் வைத்து, பிளாஸ்டிக் தாளை நகத்தால் கீறி உரித்தார். அந்த அறையில் அந்த உரிகிற சத்தம் மட்டும் கேட்டது. ரெக்சின் பையிலிருந்து பிளேடும் ஸ்கேலும் வெளியே வந்தன. அத்தியாயம் முடிகிற இடத்தைப் பார்த்து, கேம்பல் பேக்குப் போன துண்டு எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்ததோ, சரியாக அதே இரண்டு இடத்தில் இழுத்தார். நூலைக் கோத்து, நிதானமாக, மூன்றையும் தைத்தார். தலைவர் மைக்கோடு நின்றுகொண்டே இருந்தார். விருந்தினர் நாற்காலியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நூலின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

நடுப்பாகத்தைத் தலைவர் கையில் வைத்தார் அக்கா. “அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாங்க. எந்த இடத்துல மூடி வச்சீயன்னு கேப்பேன்” என்றார். ஒன்றையும் மூன்றையும், உரித்த அதே பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கயிறு கட்டி, பையில் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, ஹேடோவுக்கு ஆட்டோ பிடித்தார்.